உலக்கை பிடித்த கை ஏன் நடுங்குகிறது?

திருச்சியிலிருந்து சென்னை போகிற நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் குடிகொண்ட ஊர். விசேஷ நாட்களைத் தவிர, வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் அங்கே நடை திறப்பார்கள். அந்த இரண்டு நாளும் கூட்டம் நெரியும். சென்னை, பெங்களூர், பம்பாய் என்று எங்கெங்கோ குடியேறிவிட்ட குடும்பங்கள்கூடக் குலதெய்வம் என்று தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அங்கே முக்கியமான பிரார்த்தனை மாவிளக்கு. மிக்ஸியில் அரைத்த மாவை டப்பாவில் அடைத்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிற சமாசாரம் இல்லை. ஊறவைத்த அரிசியைக் கோயிலிலேயே உரலில் போட்டு இடிக்கிறார்கள். சலித்து, சல்லடையில் நின்ற கப்பியை மறுபடி இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவிலே குழி செய்து, நெய் விட்டுத் திரி போட்டு ஏற்ற வேண்டும்.

அந்த உரல்களுக்குப் பக்கத்தில் ஓர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்தக் காட்சியை நீங்களும் பார்க்கலாம். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி, பிறந்ததிலிருந்து உலக்கையைத் தொட்டே அறியாதவள், வேண்டுதல் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இடிப்பாள். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டும். இடித்து முடித்து, சலித்து, பிசைந்து, நெய்க் கரண்டியைக் கையில் எடுப்பாள். அப்போதுதான் வரும் வினை! கரண்டி தந்தி அடிக்கும். நெய் குழியில் விழாமல் தாம்பாளத்தில் விழும். தீக்குச்சியைத் திரிக்குக் கொண்டுபோனால் அது நாலு பக்கமும் ஆடும். பக்கத்தில் நிற்கிற மாமியார், "ஏம்மா, கை இப்படி ஆடுது? இந்த வயசிலேயே நரம்புத் தளர்ச்சியா?" என்று கேட்டு வைப்பார். அவ்வளவுதான், அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிவிடும். அடுத்த உரலில் அறுபது வயது அம்மாள் ஒருத்தர் அலட்டிக்கொள்ளாமல் இடித்துவிட்டு, ஆடாத கையோடு விளக்கை ஏற்றிக்கொண்டிருப்பார்!

சகோதரிகளே, 'நரம்புத் தளர்ச்சி' என்ற அந்த ஒரு வார்த்தையால் நம் பெண்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. டானிக் பாட்டில்கள், லேகியங்கள், ஊசிகள், "இந்தப் பெண் வேண்டாம், நோஞ்சான்" என்கிற பேச்சு எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. அந்த வார்த்தை உண்மையில் எந்த நோயையும் குறிப்பதில்லை. உலக்கை பிடித்த அந்தப் பெண்ணின் நரம்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன. களைத்துப் போனது அவள் தசைகள். அந்தக் களைப்பை இரட்டிப்பாக்கியது அவள் நின்ற விதமும் பிடித்த விதமும். இதைத் தெரிந்துகொண்டால் வீண் பயம் போகும். நிஜமாகவே கவலைப்பட வேண்டிய நடுக்கம் வரும்போது அதைக் 'களைப்பு' என்று தள்ளிவிடாமல் இருக்கவும் முடியும்.

எல்லோர் கையும் நடுங்குகிறது!

நம்ப மாட்டீர்கள். இதோ இந்தப் பத்திரிகையைப் பிடித்திருக்கிற உங்கள் கையும் இந்த நிமிஷம் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. விநாடிக்குச் சுமார் 8 முதல் 12 தடவை. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நடுக்கம். 1956-ல் ஹாலிடே, ரெட்ஃபேர்ன் என்ற இரண்டு இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள், நோய் நொடி இல்லாதவர்களின் விரல்களைக் கருவி வைத்து அளந்து இதைக் காட்டினார்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வைத்துக்கொண்டு, புறங்கையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைக்கச் சொல்லுங்கள். தாளின் ஓரம் படபடவென்று துடிப்பது தெரியும். காலையில் எழுந்ததும் ஒரு தடவை பாருங்கள். இரண்டு வாளித் துணியைத் துவைத்துப் பிழிந்து போட்ட பிறகு இன்னொரு தடவை பாருங்கள். வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஏன் இப்படி? தேர் இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நூறு பேர் வடம் பிடிக்கிறார்கள். ஆள் புதிதாக, தெம்பாக இருக்கும்போது ஒருவர் இழுக்க ஒருவர் மூச்சு வாங்குவார். இப்படி மாற்றி மாற்றி இழுப்பதால் தேர் சீராக உருளும். நாலு வீதி சுற்றி எல்லோரும் களைத்த பிறகு என்ன ஆகிறது? எல்லோரும் சேர்ந்து நிற்கிறார்கள். "இழு!" என்ற குரல் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள். தேர் குலுங்கிக் குலுங்கி நகருகிறது.

நம் தசையும் அப்படித்தான். ஒவ்வொரு தசையும் பல நூறு நார்க் கட்டுகளால் ஆனது. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நரம்பு இழை ஆணை கொடுக்கிறது. எந்தக் கட்டும் இடைவிடாமல் இழுப்பதில்லை. விட்டு விட்டுத்தான் இழுக்கும். தெம்பாக இருக்கும்போது அவை முறை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி இழுப்பதால் கை ஆடாமல் நிற்கிறது. களைத்ததும் பல கட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து இழுக்கத் தொடங்குகின்றன. சின்னக் கட்டுகள் சோர்ந்துபோவதால், முரட்டு வேலைக்கென்று இருக்கிற பெரிய கட்டுகளையும் மூளை கூப்பிட வேண்டியதாகிறது. பெரிய கட்டு இழுத்தால் பெரிய குலுக்கல்தானே? நெய்க் கரண்டி தந்தி அடித்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் நடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அந்தத் தகவலைத் தருவது தசைக்குள்ளே இருக்கிற நுண்ணிய உணர்வு உறுப்புகள். தசை களைத்தால் இந்தக் கணக்கும் கொஞ்சம் பிசகுகிறது. மேடை இருக்கிற இடம் என்று நினைத்து டம்ளரை வைத்தால் ஓர் அங்குலம் முன்னாலேயே விட்டுவிடுகிறோம். கல்யாண வீட்டில் நாள் முழுக்க வேலை செய்தவள் கையிலிருந்துதான் கடைசியில் பாத்திரம் நழுவுகிறது. கவனக்குறைவு என்று திட்டு வாங்குகிறாள் பாவம்.

தசை களைத்தால் அதிலே 'லாக்டிக் அமிலம்' தங்கிவிடுகிறது, அதுதான் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதை முக்கியக் காரணமாக இப்போது விஞ்ஞானிகள் சொல்வதில்லை. தசை நாருக்குள்ளே கால்சியம், பாஸ்பேட் போன்ற உப்புகளின் நடமாட்டம் மாறுவதும், மூளையிலிருந்து வருகிற ஆணையே பலம் குறைவதும் சேர்ந்துதான் களைப்பு என்கிறார்கள்.

மூளைக்கும் இதில் பங்கு உண்டு என்பதற்கு ஒரு பழைய கதை. இத்தாலியில், துரின் நகரத்தில், ஆஞ்சலோ மோஸ்ஸோ என்று ஒரு பேராசிரியர் இருந்தார். ஒரு விரலில் கயிறு கட்டி, அதன் முனையில் எடையைத் தொங்கவிட்டு, இனி முடியாது என்கிற வரை விரலை மடக்கி மடக்கி இழுக்கச் சொல்வார். ஒவ்வொரு இழுப்பையும் ஒரு கருவி கோடாக வரையும். களைப்பைப் பற்றி 1891-ல் தனிப் புத்தகமே எழுதினார். மாணவர்களுக்குப் பரீட்சை நடத்திவிட்டு வந்த ஆசிரியர் ஒருவரின் விரலை அவர் சோதித்தார். உடம்பால் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்தே இருந்த மனிதர்தான். ஆனாலும் அவர் விரல் முன்பு இழுத்த அளவு இழுக்கவில்லை! ராத்திரி முழுக்கக் குழந்தையோடு கண் விழித்த தாய்க்குக் காலையில் கை ஆடினால் அது சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை. வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் இந்தப் பேராசிரியரின் கதையைச் சொல்லுங்கள்.

அந்த அறுபது வயது அம்மாளின் ரகசியம்

மறுபடியும் உரலுக்கு வருவோம். வயதானவர் கை ஆடவில்லை, இளையவள் கை ஆடுகிறது என்றால் அதில் ஏதோ சூட்சுமம் இருக்க வேண்டும் அல்லவா? இரண்டு பேரையும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தால் போதும்.

சின்னவள் இரண்டு கைகளாலும் உலக்கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். தூக்கும்போதும் இறுக்கம், இறக்கும்போதும் இறுக்கம். உரலிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று, கைகளை நீட்டி, தோளைத் தூக்கிக்கொண்டு இடிக்கிறாள். உலக்கையைக் கீழே தள்ளுகிறாள் வேறு. மூச்சையும் அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

பெரியவரோ உரலை ஒட்டி, கால்களைக் கொஞ்சம் அகட்டி, ஒரு காலை முன்வைத்து நிற்கிறார். முழங்கை விலாவை விட்டு அதிக தூரம் போவதில்லை. உலக்கையைத் தூக்குவதோடு சரி, இறங்குவது அதன் பாடு. அதன் கனமே இடித்துக்கொள்கிறது. இறங்குகிற அந்த ஒரு கணம் அவர் பிடி தளர்ந்து போகிறது. நாலு இடிக்கு ஒரு தடவை கை மாற்றுகிறார். இடிக்கு ஒரு தடவை "உஸ்" என்று மூச்சு விடுகிறார். பக்கத்தில் ஒரு துணை கிடைத்தால் இரண்டு உலக்கை போட்டு மாற்றி மாற்றி இடிப்பார்.

அந்தப் பிடி தளர்கிற ஒரு கணம் இருக்கிறதே, அதுதான் எல்லாம். தசை இறுகும்போது அதற்குள்ளே போகிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்களும் நசுங்குகின்றன. தளரும்போதுதான் புது ரத்தம் பாய்கிறது. இறுக்கத்தை விடவே விடாவிட்டால் தசை பட்டினியோடு வேலை செய்கிறது. விட்டு விட்டு வேலை செய்கிற தசை வெகுநேரம் தாங்கும். விடாமல் இறுக்கி வைத்த தசை சில நிமிஷங்களில் நடுங்க ஆரம்பித்துவிடும். நெல் குத்தும்போது பாடிக்கொண்டே குத்தினார்களே நம் பாட்டிமார், அந்தப் பாட்டு அலுப்புத் தெரியாமல் இருக்க மட்டுமா? எப்போது இறுக்குவது, எப்போது விடுவது என்று தாளம் போட்டுக் கொடுத்ததும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கையை எங்கே வைத்துக்கொள்கிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். ஒருவருடைய ஒரு கையின் எடை, உடம்பு எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கு. 50 கிலோ இருக்கிற பெண்ணுக்கு ஒரு கை இரண்டரைக் கிலோ. கையை முன்னால் நீட்டிக்கொண்டு வேலை செய்தால், கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் தோள் அந்த இரண்டரைக் கிலோவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. உடம்பை ஒட்டி ஒரு சாண் தூரத்தில் பிடித்திருக்கிற பாத்திரத்தை மூன்று சாண் தள்ளி நீட்டிப் பிடித்தால், அதே பாத்திரத்தின் சுமை தோளுக்கு மூன்று மடங்காகிவிடும். கொடியில் துணி உலர்த்தும்போதும், பரணிலிருந்து டப்பா எடுக்கும்போதும், ஒட்டடை அடிக்கும்போதும் கை சீக்கிரம் ஆடுவது இதனால்தான்.

கோலம் போடுகிற கையைக் கவனித்ததுண்டா? நன்றாகக் கோலம் போடுகிறவர்கள் குனிந்து இடது முன்கையை இடது முட்டியில் ஊன்றிக்கொள்வார்கள். வலது கை தோளிலிருந்து நேராகத் தொங்கும். தொங்குகிற கையைத் தோள் தாங்க வேண்டியதில்லை! எட்டி எட்டிப் போடவும் மாட்டார்கள். கையை நீட்டுவதற்குப் பதில் காலை நகர்த்துவார்கள். புதிதாகப் பழகுகிற பெண், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு கையை எட்டி நீட்டுவாள். கம்பிக் கோலம் அங்கேதான் கோணும். மார்கழியில் பெரிய கோலம் போடும்போது கடைசி இழைகள் மட்டும் நெளிந்திருந்தால் உங்கள் கைத்திறமைக்குக் குறைவில்லை. முதுகும் தொடையும் களைத்துவிட்டன. ஒரு நிமிஷம் நிமிர்ந்து நின்று, எதிர் வீட்டுக் கோலத்தைக் குறை சொல்லிவிட்டு வந்து போட்டால் சரியாகிவிடும்.

கால்களும் இதற்கு விலக்கில்லை. திருச்சி மலைக்கோட்டையில் நானூறுக்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். முட்டி கிடுகிடுவென்று ஆடுவது இறங்கும்போதுதான். இறங்குகையில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. தசைக்கு அது கடினமான வேலை. இடுப்பில் குழந்தை இருந்தால் இறங்கும்போது கைப்பிடிச் சுவரை விடாதீர்கள். நடுவில் உட்கார்ந்து இறங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுக்களையில் என்ன செய்யலாம்?

முதலாவது, களைத்த கையோடு சுடுகிற வேலை வேண்டாம். மாவு பிசைந்த உடனே, துணி பிழிந்த உடனே, சிலிண்டரை நகர்த்திய உடனே கஞ்சி வடிக்கப் போகாதீர்கள். எண்ணெய்ச் சட்டியை இறக்காதீர்கள். ஒரு பத்து நிமிஷம் கீரை ஆய்வதோ, பட்டாணி உரிப்பதோ செய்துவிட்டுப் பிறகு போங்கள். சாதாரணமாகக் கைநடுக்கம் சில நிமிஷங்களில், மிஞ்சினால் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். பழக்கமே இல்லாத கடும் வேலை என்றால் மறுநாளும் கொஞ்சம் வலியும் ஆட்டமும் இருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை.

கைக்கு எப்போதும் ஒரு முட்டுக் கொடுங்கள். ஊசியில் நூல் கோர்க்கும்போது இரண்டு முழங்கையும் விலாவில் ஒட்டி இருக்கட்டும், இரண்டு சுண்டுவிரலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கட்டும். கண் தெரியவில்லை என்று நினைத்தவர்களுக்குக்கூட நூல் ஏறிவிடும்! குழந்தைக்குச் சொட்டு மருந்து விடும்போது உங்கள் மணிக்கட்டைக் குழந்தையின் கன்னத்தில் லேசாக ஊன்றிக்கொள்ளுங்கள். நகம் வெட்டும்போதும் அப்படியே. வீட்டில் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போடுகிறவர்கள், மருந்தை ஊசியில் ஏற்றும்போது இரு முழங்கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டால் அளவு பிசகாது.

சமையல் மேடை உயரமும் பார்க்க வேண்டிய விஷயம். வீடு கட்டுகிறபோது கொத்தனார் தன் உயரத்துக்குக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார். காலம் முழுக்க அங்கே நிற்கப்போவது நாம். காய் நறுக்க முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே மேடை இருந்தால் தோள் தூக்காமல் வேலை ஓடும். சப்பாத்தி மாவு பிசைய இன்னும் தாழ்வு வேண்டும், முழங்கைக்கு ஒரு சாண் கீழே. மேடை உயரமாக இருந்தால் ஒரு பலகைமேல் ஏறி நின்று பிசையுங்கள், அல்லது தாம்பாளத்தைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பிசையுங்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பலகை வைத்தியம்தான் சரி.

பால் கொடுக்கிற தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழந்தையை மார்புக்குக் கொண்டு வருவதற்குப் பதில் பல பேர் மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகிறார்கள். கூன் போட்டு, கழுத்தைத் தொங்கவிட்டு, ஒரு கையாலே குழந்தையின் முழு பாரத்தையும் தாங்கி, மற்றக் கையிலே செல்போன்! இருபது நிமிஷம் இப்படி இருந்துவிட்டு எழுந்தால் கை ஆடத்தான் செய்யும். மடியில் இரண்டு தலையணை வைத்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். கை பிடிப்பதற்குத்தான், சுமப்பதற்கு அல்ல.

உரத்தை ஏற்றிக்கொள்வதும் நல்லது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கையை மடக்கி நீட்டுவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, இவ்வளவு போதும். பலமான தசைக்கு அதே வேலை லேசாகத் தெரியும், நடுக்கமும் தாமதமாகத்தான் வரும்.

இன்னொரு பக்கம் ரத்தச் சோகை. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தச் சோகை இருக்கிறது. ரத்தம் குறைந்தவர்களுக்குத் தசை சீக்கிரம் களைக்கும். டானிக் பாட்டிலுக்குக் கொடுக்கிற காசில் ஹீமோகுளோபின் சோதனை செய்துகொண்டு, குறைவாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடலாம்.

கோயிலுக்கு விரதம் இருந்து போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில், காலையில் வெறும் காப்பி மட்டும் குடித்துவிட்டு இடித்தால் நடுக்கம் கூடத்தான் செய்யும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் இதில் விளையாடக் கூடாது. கை நடுக்கத்தோடு குளிர்ந்த வியர்வை, படபடப்பு, அகோரப் பசி, தலை கிறுகிறுப்பு வந்தால் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே சர்க்கரையோ வெல்லமோ சாப்பிட வேண்டும். மாவிளக்குக்குக் கொண்டுவந்த வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

களைப்பு இல்லாத நடுக்கம்

களைப்பால் வருகிற நடுக்கத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. வேலைக்குப் பின் வரும், ஓய்வில் போகும், வேலை செய்த உறுப்பில்தான் வரும். இந்த மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கையை மூன்று நிலைகளில் பாருங்கள். மடியில் சும்மா வைத்திருக்கும்போது ஆடுகிறதா? முன்னால் நீட்டிப் பிடித்தால் ஆடுகிறதா? டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகையில், வாய் நெருங்க நெருங்க ஆட்டம் கூடுகிறதா?

மடியில் சும்மா கிடக்கும் கை ஆடினால், அதுவும் ஒரு பக்கக் கை மட்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல ஆடினால், பார்க்கின்சன் நோயின் ஆரம்பமாக இருக்கலாம். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இதை விவரித்து எழுதினார். வேலை செய்யும்போது இந்த ஆட்டம் குறைந்துவிடும் என்பதுதான் வேடிக்கை. அதனால் "காய் நறுக்கும்போது ஆடலியே, சும்மா இருக்கும்போதுதானே" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருப்பது, எழுத்து வர வரச் சிறுத்துப் போவது, சேலைக் கொசுவம் வைக்கவே வெகுநேரம் ஆவது, இவையெல்லாம் கூடவே வரும். மாமனார் மாமியாரிடம் இதைக் கண்டால் வயசாகிவிட்டது என்று சும்மா இருக்க வேண்டாம். நல்ல மருந்து இருக்கிறது. நம் வேலியில் படருகிற பூனைக்காலியின் விதையில் அந்த மருந்துப் பொருளான லீவோடோப்பா இருப்பதை 1937-ல் சென்னையைச் சேர்ந்த தாமோதரன், ராமசுவாமி என்ற இரு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காக விதையைப் பொடித்து நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்! அளவு தெரியாமல் கொடுத்தால் வாந்தியும் ரத்த அழுத்தத் தாழ்வும் வரும்.

இரண்டு கையும் நீட்டும்போதும் காப்பி குடிக்கும்போதும் ஆடி, ஓய்வில் நின்றுவிடுகிறது, வருஷக்கணக்காக இருக்கிறது, அப்பாவுக்கோ பாட்டிக்கோ இருந்தது என்றால், அது பெரும்பாலும் குடும்ப வழியாக வருகிற நடுக்கம். சிலருக்குத் தலையும் குரலும்கூட ஆடும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இந்த நடுக்கம் உள்ள பெண்கள் படுகிற வெட்கம் இருக்கிறதே! கல்யாண வீட்டுக்குப் போனால் காப்பியைத் தொட மாட்டார்கள். பாங்கில் கையெழுத்துப் போடக் கணவரை அனுப்புவார்கள். இதற்கும் மாத்திரைகள் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்று ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அதனால் அடுத்த வீட்டு அம்மாளின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிற வேலை வேண்டாம். டம்ளரில் முக்கால் மட்டும் நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை மேஜையில் ஊன்றிக் குடித்தால் பாதிச் சங்கடம் குறையும்.

மூன்றாவது வகை, வாய் நெருங்க நெருங்கக் கூடுகிற ஆட்டம். நடையிலும் தள்ளாட்டம் இருந்தால் சிறுமூளையைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். தாமதிக்காதீர்கள். திடீரென்று ஒரு பக்கக் கை கால் சக்தி இழந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது நடுக்கமே இல்லை, பக்கவாதம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிரசவமாகிச் சில மாதங்களுக்குள் கை நடுக்கத்தோடு நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குதல் எல்லாம் சேர்ந்தால் தைராய்டு சோதனை செய்யச் சொல்லுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற மருந்து, சில வலிப்பு மாத்திரைகள், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை, இவையும் கையை ஆட வைக்கும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பச்சைக் குழந்தையின் மோவாயும் கைகளும் அழும்போது கிடுகிடுவென்று ஆடுவதைப் பார்த்துப் பல தாய்மார்கள் பதறிவிடுகிறார்கள். ஆடுகிற கையை மெல்லப் பிடித்து மடக்கிப் பாருங்கள். உடனே நின்றுவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. பிடித்த பிறகும் கைக்குள்ளே துடிப்பு தொடர்ந்தாலோ, கண் ஒரு பக்கமாகச் செருகினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு காரியம் செய்துகொண்டு போகலாம். ஒரு வெள்ளைத் தாளில், கையைத் தாளின்மேல் ஊன்றாமல், நடுவிலிருந்து தொடங்கி வெளியே விரிந்துகொண்டே போகிற சுருள் ஒன்று வரையுங்கள். கொசுவர்த்திச் சுருள் மாதிரி. வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று. காலையில் எழுந்ததும் ஒரு தாள், சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு தாள். தேதி போட்டு ஒரு வாரத்துக்கு எடுத்து வைத்தால், நடுக்கம் களைப்போடு வருகிறதா, களைப்பில்லாமலும் இருக்கிறதா, எந்தக் கையில் அதிகம் என்பதெல்லாம் கோட்டிலேயே தெரிந்துவிடும். அந்தத் தாள்களையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.